பட்டம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்: மேற்கிந்தியரும் நைஜீரியரும்

அமெரிக்காவில் குடியேறிய நைஜீரியர்களில் 25 வயது கடந்தவர்களை எடுத்தால், 10 பேரில் 6 பேர் பட்டதாரிகள். ஜமைக்காவில் பிறந்து அங்கே குடியேறியவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான் பட்டதாரிகள். இந்த ஒற்றைக் கணக்கை வைத்துக்கொண்டு "நைஜீரியர் முந்திவிட்டார்கள், மேற்கிந்தியர் பிந்திவிட்டார்கள்" என்று எழுதித் தள்ளுகிறார்கள். இங்கிலாந்தின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வாக்கியம் ஆட்டம் காணும். 2016–18 கணக்கின்படி அங்கே கறுப்பின ஆப்பிரிக்கக் குடும்பங்களில் 20 விழுக்காட்டினருக்குத்தான் சொந்த வீடு. கறுப்பினக் கரீபியக் குடும்பங்களில் 40 விழுக்காடு. அங்கும் பட்டம் அதிகம் வைத்திருப்பவர்கள் ஆப்பிரிக்கர்களே. படிப்பில் முன்னால் நிற்பவருக்கு வீட்டில் பாதி. இது எப்படி நேர்ந்தது என்பதே இந்த ஆய்வு. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: யார், எந்த ஆண்டில், எந்த விசாவில், எவ்வளவு செலவழித்து உள்ளே வந்தார் என்ற நான்கையும் கேட்டுவிட்டால் பண்பாடு, உழைப்பு என்ற விளக்கங்களுக்குப் பெரிதாக வேலை மிஞ்சாது.

மேற்கிந்தியர் என்று இங்கே சொல்வது நம்மவர்கள் கிரிக்கெட் வழியாக அறிந்த அதே நிலப்பரப்பு மக்களைத்தான்: ஜமைக்கா, டிரினிடாட், பார்படாஸ், கிரெனடா போன்ற ஆங்கிலம் பேசும் தீவுகள், அவற்றோடு தென் அமெரிக்க நிலத்தில் இருக்கும் கயானா. ஹைட்டி இதில் சேராது. அவர்களுக்கு மொழியும் வேறு, விசா வரலாறும் வேறு.

எண்களில் வழுக்கும் இடங்கள்

அமெரிக்கக் கணக்கெடுப்பில் பிறந்த நாடு, இனம், பூர்வீகம் என்று மூன்று தனித்தனிக் கேள்விகள் உண்டு. எதை வைத்துப் பிரிக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். கயானாவிலும் டிரினிடாடிலும் பிறந்தவர்களில் கணிசமான பகுதியினர் இந்திய வம்சாவளியினர். நியூயார்க்கின் ரிச்மண்ட் ஹில் பகுதியில் திரளாக வாழும் இவர்கள், "கறுப்பினக் குடியேறிகள்" என்று பிரித்தெடுத்த கணக்கில் வரமாட்டார்கள்; "கயானாவில் பிறந்தோர்" என்றால் வந்துவிடுவார்கள்.

அடுத்த வழுக்கல் குடும்ப வருமானம். தாய் செவிலித் துணையாளர், மகன் பேருந்து ஓட்டுநர், மகள் வங்கி எழுத்தர் என்று மூவர் சம்பாதிக்கும் வீட்டையும், ஒரே மருந்தாளுநர் சம்பாதிக்கும் வீட்டையும் "குடும்ப வருமானம்" ஒரே தட்டில் வைக்கிறது. தனியாள் ஊதியம் பார்த்தால் இரண்டாவது வீடு முந்தும். குடும்ப வருமானம் பார்த்தால் முதல் வீடு முந்தக்கூடும். மூன்றாவது, ஊர். மேற்கிந்தியர் அடர்ந்திருப்பது புரூக்ளின், குவீன்ஸ், தென் ஃபுளோரிடா, ஹார்ட்ஃபர்டு. நைஜீரியர் நியூயார்க்கிலும் உண்டு என்றாலும் ஹூஸ்டன், மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி, அட்லாண்டா ஆகிய இடங்களில் வலுவாக இருக்கிறார்கள். ஹூஸ்டனில் 80,000 டாலர் வாங்குபவரையும் புரூக்ளினில் 80,000 டாலர் வாங்குபவரையும் சமமாக வைக்கும் அட்டவணையை மடித்து வைத்துவிடலாம்.

சல்லடையின் கண்

2019 கணக்கில் அமெரிக்காவில் இருந்த ஜமைக்காவில் பிறந்த கறுப்பினத்தவர் சுமார் 7.6 லட்சம், நைஜீரியர் சுமார் 3.9 லட்சம். ஜமைக்காவின் மக்கள்தொகை 28 லட்சத்தை ஒட்டியது. நைஜீரியாவினுடையது 20 கோடி. வகுத்துப் பாருங்கள். தீவில் இருக்கும் ஒவ்வொரு 100 பேருக்கும் அமெரிக்காவில் 27 ஜமைக்கர்கள். நைஜீரியாவில் இருக்கும் ஒவ்வொரு 1,000 பேருக்கும் அங்கே 2 பேர். ஒரு நாட்டிலிருந்து இத்தனை பெரிய பங்கு கிளம்பினால் அதில் ஆசிரியரும் இருப்பார், கரும்பு வெட்டுபவரும் இருப்பார். ஆயிரத்தில் இரண்டு பேர் மட்டும் கிளம்பினால் அந்த இருவர் யார் என்பது முன்பே தீர்மானமாகிவிடும்: விமானச் சீட்டுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகள்.

ஒரு காலத்தில் "முந்தியவர்கள்" பட்டியலில் மேற்கிந்தியரே இருந்தார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. பொருளியலாளர் தாமஸ் சோவல் 1970 கணக்கெடுப்பை வைத்து, மேற்கிந்தியரின் குடும்ப வருமானம் தேசிய சராசரியில் 94 விழுக்காடு, மற்றக் கறுப்பினத்தவருடையது 62 விழுக்காடு என்று 1978இல் எழுதினார். தோல் நிறம் ஒன்றே, ஆகவே வேற்றுமைக்குக் காரணம் பண்பாடு என்பது அவர் வாதத்தின் போக்கு. பின்னால் சமூகவியலாளர் சூசன் மாடல் ஒப்பீட்டையே மாற்றினார். குடியேறியவரை, பிறந்த மாநிலத்திலேயே தங்கிய கறுப்பினத்தவரோடு வைக்காமல், மாநிலம் விட்டு மாநிலம் போன கறுப்பினத்தவரோடு வைத்தார். மேற்கிந்தியரின் முந்துதல் ஏறக்குறைய கரைந்துபோயிற்று. ஊரை விட்டுக் கிளம்புபவர்கள் எங்கும் சராசரி மனிதர்கள் இல்லை. இன்று நைஜீரியரைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் பெரும்பாலானவை அன்று மேற்கிந்தியரைப் பற்றிச் சொல்லப்பட்டவைதான். பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

மேற்கிந்தியர் வந்த வழி

1952 சட்டம் ஒவ்வொரு காலனிக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்று உச்சவரம்பு வைத்தது. 1962இல் ஜமைக்காவும் டிரினிடாடும் விடுதலை பெற்றன. 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்தது. முதலில் வந்தவர்கள் பெண்கள். நியூயார்க் வீடுகளில் தங்கி வேலை செய்யும் பணிப்பெண்களாகவும், மருத்துவமனைச் செவிலியராகவும் வந்தார்கள். வேலை கொடுத்தவர் மனுப் போட, பச்சை அட்டை (கிரீன் கார்டு) கைக்கு வரும்வரை குறைந்த கூலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அட்டை வந்ததும் கணவனையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார்கள். அதுவரை பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பீப்பாய் பீப்பாயாகத் துணியும் டின் உணவும் போனது. "பீப்பாய்ப் பிள்ளைகள்" என்ற சொல்லே கரீபியனில் உண்டு.

குடும்ப விசா வழியாக வருபவருக்குப் பட்டம் தேவையில்லை. ஆகவே பட்டக் கணக்கில் இவர்கள் கீழே தெரிகிறார்கள். ஆனால் பட்டமில்லாமல் ஏறும் ஏணி ஒன்று இவர்களிடம் இருந்தது. வீட்டுச் சுகாதாரத் துணையாளர் ஆவதற்கு நடுவண் அரசு விதிக்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை. அந்த வேலையில் நுழைந்து, மாலையில் படித்து, சுமார் ஓராண்டுப் பயிற்சியில் உரிமம் பெற்ற செவிலித் துணையாளர். பிறகு இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பில் பதிவுபெற்ற செவிலியர். இந்த உச்சப் படியில் நுழையவும் இளங்கலைப் பட்டம் கட்டாயமில்லை. 1970இல் தொடங்கிய மெட்கர் எவர்ஸ் கல்லூரி புரூக்ளினின் இந்த ஏணிக்கு ஒரு படி.

இன்னொன்று தொழிற்சங்கம். மருத்துவமனை ஊழியரின் 1199 சங்கத்திலும், சுரங்க ரயில், பேருந்து ஊழியர் சங்கத்தின் 100ஆம் கிளையிலும் கரீபியர் ஏராளம். 2005 டிசம்பர் போக்குவரத்து வேலைநிறுத்தத்தை நடத்திய ரோஜர் டூசான்ட் டிரினிடாடில் பிறந்தவர். சங்க வேலையில் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ஊதிய அட்டவணையில் இவை தெரியாது. அறுபது வயதில் தெரியும்.

சூசூ, வீடு, வங்கி

வீட்டுக்கு முன்பணம் சேர்த்த கருவி நமக்குப் புதியதல்ல: சீட்டு. டிரினிடாடில் அதற்குச் சூசூ என்று பெயர், ஜமைக்காவில் பார்ட்னர், கயானாவில் பாக்ஸ் ஹேண்ட், பார்படாஸில் மீட்டிங் டர்ன். தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா மொழியில் உள்ள எசூசூ என்ற சொல்லிலிருந்து வந்ததே சூசூ. அடிமைக் கப்பலில் போன சொல் கரீபியனில் தங்கி, அங்கிருந்து புரூக்ளினுக்கு வந்தது. நைஜீரியர் அதே எசூசூவை (அஜோ என்றும் சொல்வார்கள்) லாகோஸிலிருந்து நேராக ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

நம் ஊர் ஏலச்சீட்டுப் போலத் தள்ளிக் கேட்பது இதில் இல்லை. 20 பேர், வாரம் 200 டாலர் என்றால் வாரம் ஒருவருக்கு 4,000 டாலர் "கை" கிடைக்கும். வட்டி இல்லை, சீட்டுப் பிடிப்பவருக்கு அன்பளிப்பாகச் சிறு தொகை. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கடைசிக் கை, ஏனென்றால் முதல் கையை வாங்கிக்கொண்டு மறைகிறவர்தான் இந்த ஏற்பாட்டின் ஒரே எதிரி. எழுத்து இல்லை, உத்தரவாதம் இல்லை. வேலை இழந்த ஒருவர் இரண்டு வாரம் தவணை தவறினால் சீட்டுப் பிடிப்பவர் தன் கையிலிருந்து போட வேண்டும்.

வங்கியோடு மோதும் இடம் இதுதான். வீட்டுக் கடன் கேட்கும்போது கடைசி இரண்டு மாத வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். அதில் திடீரென்று 4,000 டாலர் ரொக்கம் விழுந்திருந்தால், "எங்கிருந்து வந்தது?" என்று கேள்வி வரும், பதில் இல்லாவிட்டால் அந்தத் தொகை முன்பணக் கணக்கில் சேராது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகள் இத்தகைய கூட்டுச் சேமிப்பை ஏற்கின்றன. ஆனால் இரண்டு காகிதம் வேண்டும்: சீட்டு நடத்துபவரின் எழுத்துறுதி, ஒழுங்காகத் தவணை கட்டியதற்கான சான்று. இன்னொரு கொக்கியும் உண்டு. கையை எடுத்தபின் கட்டவேண்டிய மீதித் தவணை கடனாகவே எண்ணப்படும். வாரம் 200 என்றால் மாதம் 860 டாலருக்கு மேல் கடன் சுமை ஏறிவிடும். விண்ணப்பம் அதிலேயே விழலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசிக் கையைக் கேட்டு வாங்கி, வங்கியில் போட்டு, மூன்று மாதம் கழித்து விண்ணப்பிக்கிறார்கள். தவணைப் பணத்தைக் காசாகக் கொடுக்காமல் கணக்கிலிருந்து மாற்றிவிடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

வாங்குவது பெரும்பாலும் இரண்டு குடும்ப வீடு. ஒரு தளத்தில் தாங்கள், இன்னொன்றில் வாடகைக்கு ஆள். கடன் கொடுப்பவர் எதிர்பார்க்கும் வாடகையில் 75 விழுக்காட்டை வருமானமாக எடுத்துக்கொள்வார். நடுவண் அரசு உத்தரவாதம் தரும் எஃப்.எச்.ஏ. கடனில் முன்பணம் 3.5 விழுக்காடு, 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 17,500. மூன்று குடும்ப வீட்டுக்குப் போனால் அதே எஃப்.எச்.ஏ.வில், வீட்டின் வாடகை மதிப்பே மாதத் தவணை முழுவதையும் தாங்குமா என்ற சோதனை வந்துவிடும். நியூயார்க் விலையில் பல வீடுகள் அதில் தேறாது. அனுமதியில்லாத அடித்தளக் குடியிருப்பின் வாடகை எந்தக் கணக்கிலும் வராது, ஆனாலும் பல வீடுகளின் தவணையை உண்மையில் கட்டுவது அதுதான். 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் நகரின் அடித்தளக் குடியிருப்புகளில் 11 பேர் மாண்டபோதுதான் அந்த வாடகையின் விலை ஊருக்குத் தெரிந்தது.

பார்படாஸ்காரர்கள் 1940களிலிருந்தே பெட்ஃபோர்டு-ஸ்டைவசண்ட், கிரவுன் ஹைட்ஸ் பகுதிகளில் பழுப்புக்கல் முகப்புள்ள பழைய வரிசை வீடுகளை வாங்கினார்கள். இன்று அந்தச் சுவர்களின் மதிப்பு ஒரு மருத்துவரின் பல ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டும். எல்லாருக்கும் அது நிலைக்கவில்லை. 2000களில் வீட்டைப் பெரும்பாலும் அடைத்துவிட்ட முதியவர்களிடம், கூரை மாற்ற, பிள்ளையின் கல்லூரிக்கு என்று மறுகடன் விற்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஏறும் வட்டி. 2008இல் தென்கிழக்குக் குவீன்ஸும் கிழக்கு ஃபிளாட்புஷும் நகரில் மிக அதிகமாக வீடு பறிபோன இடங்களுள் சேர்ந்தன.

நைஜீரியர் வந்த வழி

1970களின் எண்ணெய்ப் பணத்தில் நைஜீரிய அரசும் வசதியான குடும்பங்களும் பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். படித்துத் திரும்புவதே திட்டம். திரும்பியதும் வேலை, கார், வீடு. எண்ணெய் விலை 1980களில் சரிந்தது. 1985இல் ஒரு டாலருக்கு ஒரு நைராவுக்கும் (நைஜீரிய நாணயம்) குறைவு, 1986இல் இப்ராகிம் பாபாங்கிதா ஆட்சி கொண்டுவந்த சீரமைப்புத் திட்டத்துக்குப் பின், 1987இல் சுமார் 4 நைரா, 1994இல் 22. ஆண்டுக் கட்டணம் 5,000 டாலர் என்றால், அப்பா கட்டவேண்டியது 5,000 நைராவுக்குள் இருந்தது, இரண்டே ஆண்டில் 20,000 ஆயிற்று. பணம் நின்றது. மாணவர்கள் டாக்ஸி ஓட்டி, இரவுக் காவல் பார்த்துப் பட்டத்தை முடித்தார்கள். ஊர் திரும்பக் காரணம் இல்லாமல் போயிற்று. நைஜீரியச் சமூகத்தின் அடித்தளம் இந்தத் தலைமுறைதான்.

அடுத்த கதவு 1995இல் முழுமையாகத் தொடங்கிய பன்முக விசாக் குலுக்கல்: அமெரிக்காவுக்குக் குறைவாக ஆள் அனுப்பும் நாட்டவருக்குச் சீட்டுக் குலுக்கிப் பச்சை அட்டை தரும் ஏற்பாடு. பள்ளி இறுதிப் படிப்பு அல்லது இரண்டாண்டுப் பயிற்சி தேவைப்படும் வேலையில் அனுபவம் கட்டாயம். ஐந்து ஆண்டில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடு தகுதியிழக்கும். அதனால் ஜமைக்கா தொடர்ந்து வெளியே நின்றது. நைஜீரியா 2014 வரை உள்ளே இருந்து, 2015 குலுக்கலிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஒரே காலத்தில் ஒரு நாட்டுக்குப் படிப்புக் கேட்கும் கதவும், இன்னொன்றுக்கு உறவு கேட்கும் கதவும் திறந்திருந்தால் பத்தாண்டில் பட்டக் கணக்கு எப்படி விலகும் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டம் பணமாகும் இடத்தில்தான் சிக்கல். 2010களின் தொடக்கத்துக் கணக்கொன்றில், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நைஜீரியப் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பட்டதாரிகள், அதாவது நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்கு. அவர்களின் நடுமட்டக் குடும்ப வருமானமோ 52,000 டாலர், நாட்டினுடையது 50,000. இரண்டு மடங்கு படிப்புக்கு 4 விழுக்காடு கூடுதல்.

ஓட்டை இருக்குமிடம் உரிமம். லாகோஸில் படித்த மருத்துவர் இரண்டு கட்டத் தேர்வு, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிக்கான சான்று, பிறகு பயிற்சி மருத்துவர் இடம் என்று போகவேண்டும். கடைசிப் படியில் பலர் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள். பட்டம் பெற்ற ஆண்டு பின்னால் போகப் போக இடம் கிடைப்பது அரிதாகும். வழக்குரைஞருக்கு நியூயார்க் கொஞ்சம் தாராளம்: ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் முழுப் படிப்பு முடித்தவர்களை அது தேர்வெழுத விடுகிறது. மருந்தாளுநருக்கு, 2003 முதல் பட்டம் பெற்றவர்கள் ஐந்தாண்டுப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்பது விதி. நைஜீரியாவில் பி.ஃபார்ம் ஐந்தாண்டு, கதவு திறக்கிறது. தமிழ்நாட்டிலும் மற்ற இந்திய மாநிலங்களிலும் அது நான்காண்டு. நம் பட்டதாரிகளுக்கு அதே கதவு மூடியிருக்கிறது. அறிவில் ஏற்றத்தாழ்வு எதுவும் இல்லை, ஓராண்டுப் பாடத்திட்டம் மட்டுமே. உரிமம் தாண்ட முடியாத கணக்கரும் பொறியாளரும் இரண்டாவது பட்டமாகச் செவிலியம் படிக்கிறார்கள். மேற்கிந்தியப் பெண் மாலைக் கல்லூரியில் தொட்ட அதே படியைக் கூடுதலாக ஒரு பட்டமும், சில சமயம் கல்விக் கடனும் சுமந்துகொண்டு வந்து தொடுகிறார்கள்.

பிரிட்டனில்

1948இல் விண்ட்ரஷ் கப்பலில் வந்த ஜமைக்கருக்குக் கீழ்த்தளப் பயணச் சீட்டு 28 பவுன் 10 ஷில்லிங். விசா இல்லை, காலனியில் பிறந்தவர் என்ற முறையில் அவர் பிரிட்டிஷ் பிரஜை. 1956 முதல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படாஸுக்கே போய் ஆள் எடுத்தது. வாடகைக்கு வீடு கொடுக்க மறுத்த நகரத்தில் பார்ட்னர் பணத்தால் பாழடைந்த வீடுகளை வாங்கினார்கள். பிறகு 1980களில் நகராட்சி வீடுகளைக் குடியிருப்பவருக்கே தள்ளுபடியில் விற்றபோது இன்னும் சிலர் உடைமையாளர் ஆனார்கள். முதலில் சொன்ன அந்த 40 விழுக்காட்டுச் சொந்த வீட்டுக்குப் பின்னால் இருப்பது மலிவான காலத்தில் வந்துசேர்ந்த அறுபது ஆண்டு.

இப்போது வரும் நைஜீரியரின் கணக்கு வேறு. திறன்பணி விசாவில் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், மூன்று ஆண்டு என்றால், 2024 பிப்ரவரிக்குப் பின் அரசு மருத்துவச் சேவைக்காக வாங்கும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் மட்டும் (1,035 × 2 + 776 × 2) × 3 = 10,866 பவுன். விசாக் கட்டணம் தனி. ஒரு வீட்டின் முன்பணத்தில் கணிசமான பங்கு, சாவியைத் தொடுமுன்பே போய்விடுகிறது. நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருக்கையில் இன்னொரு முறையும் கட்டவேண்டும். மாணவராக வருபவருக்கு நைரா மறுபடி பழைய வேலையைக் காட்டியது: 2023 மே மாதம் டாலருக்கு 460 வாக்கில் இருந்தது, 2024 பிப்ரவரியில் 1,500ஐத் தாண்டியது. அந்த ஆண்டு வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகம், கட்டணத் தவணை தவறிய நைஜீரிய மாணவர்களை நீக்கி, நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. பராமரிப்புப் பணி விசா 2022 பிப்ரவரியில் திறந்து 2025 ஜூலையில் வெளிநாட்டு ஆளெடுப்புக்கு மூடியது. இடையில் சட்டவிரோதமாகத் தரகருக்குப் பணம் கொட்டி வந்தவர்கள், முதலாளியின் வெளிநாட்டு ஆளெடுப்பு உரிமம் ரத்தானதும் 60 நாளில் வேறு முதலாளியைத் தேட வேண்டியிருந்தது.

மேற்கிந்தியருக்கும் கடவுச்சீட்டு இல்லாத குடியுரிமை பின்னால் வினையாயிற்று. 2018இல் வெளிவந்த விண்ட்ரஷ் விவகாரத்தில், ஐம்பது ஆண்டு வரி கட்டியவர்கள் ஆவணமில்லை என்று வேலையையும் உதவித்தொகையையும் இழந்திருந்தது தெரிந்தது. மொத்தச் சொத்தென்று பார்த்தால் இரு சமூகத்தாரும் தாழ்வாகத்தான் இருக்கிறார்கள்: இனச் சமத்துவத்தை ஆராயும் ரன்னிமீட் அறக்கட்டளையின் 2020 கணக்கில் வெள்ளைப் பிரிட்டிஷ் குடும்பத்தின் 1 பவுனுக்குக் கரீபியக் குடும்பத்திடம் 20 பென்ஸ், ஆப்பிரிக்கக் குடும்பத்திடம் 10.

ஊருக்குப் போகும் பணம்

ஜமைக்காவுக்கு ஆண்டுக்குச் சுமார் 350 கோடி டாலர் வருகிறது. நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது. பெரும்பாலும் மளிகை, மின் கட்டணம், பள்ளிச் சீருடை. நைஜீரியாவுக்கு 2,000 கோடி டாலர் வாக்கில் வருகிறது. அதில் ஒரு பகுதி கிராமத்தில் கட்டும் வீட்டுக்கும், ஊர்ச் சங்கத் தீர்வைக்கும், பெற்றோரின் ஈமச்சடங்குக்கும் போகிறது. தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ இனக் குடும்பம் ஒன்றில் தந்தையின் அடக்கம் வந்தால் ஹூஸ்டன் மகனின் வீட்டு முன்பணம் ஓராண்டு தள்ளிப்போவது சாதாரணம். ஊரில் எழும்பும் அந்த மாடி வீடு அமெரிக்காவின் சொத்துக் கணக்கெடுப்பு எதிலும் வராது.

நைராவில் அரசு விலைக்கும் தெருவிலுள்ள 'அபோகி' மாற்றுக்காரர் விலைக்கும் இடைவெளி அகன்ற காலங்களில் பணம் வங்கிக்கு வெளியே ஓடும். அதை இழுக்க நைஜீரிய மத்திய வங்கி 2021 மார்ச்சில் ஒவ்வொரு டாலருக்கும் 5 நைரா ஊக்கத்தொகை அறிவித்தது. அந்நேர இடைவெளி அதைப்போலப் பல மடங்கு. அபோகிக்குக் கூட்டம் குறையவில்லை.

2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 விழுக்காடு வரி. ரொக்கம், மணி ஆர்டர் போன்றவையாகக் கொடுத்து அனுப்பினால்தான் வரி. வங்கிக் கணக்கிலிருந்தோ டெபிட் அட்டையிலிருந்தோ போனால் இல்லை. ஃபிளாட்புஷ் அவென்யூ கவுண்டரில் 300 டாலரை எண்ணிக் கொடுக்கும் மூதாட்டிக்கு 3 டாலர் கூடுதல். கைபேசிச் செயலியில் தன் வங்கிக் கணக்கிலிருந்து லாகோஸுக்கு 3,000 அனுப்பும் மென்பொருள்காரருக்கு எதுவுமில்லை.